டொக்டரோட நின்று பார்க்க அனுமதி கேட்பது எப்படி? (திருகோணமலை, ஏ.எல் முடித்தவர்)

நிலாவெளி_பயோ:

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஏ.எல் பயோ, அதாவது உயர்தர உயிரியல், எழுதி முடிச்சிட்டன். வாற ஆகஸ்ட் அமெரிக்காவில ஒரு கல்லூரியில பி.எஸ்சி உயிரியல் தொடங்குறன். அது முடிய அங்கயே மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்கிற யோசனை. அங்க விண்ணப்பிக்கிற ஆக்கள் டொக்டர்மாருக்குப் பக்கத்தில நின்று வேலையைப் பார்த்த அனுபவம், அதாவது ஷாடோயிங், காட்ட வேணுமாம். போறதுக்கு முதல் சில மாதம் கையில இருக்கு. அதுக்குள்ள திருகோணமலையிலயே கொஞ்சம் செய்யலாமா எண்டு பாக்கிறன்.

வீட்டில டொக்டர் ஒருத்தரும் இல்லை, தெரிஞ்ச ஆக்களும் இல்லை. யாரிட்டப் போய்க் கேக்கிறது? பெரியாஸ்பத்திரியில விடுவினமா, இல்லாட்டிப் பிரைவேட்டிலதான் பார்க்க வேணுமா? வட்ஸ்அப்பில கேட்டால் பிழையா? எத்தனை மணித்தியாலம் போதும்? கடிதத்தில என்ன எழுத வேணும்? தெரிஞ்சவை விவரமாச் சொல்லுங்கோ.


உட்துறைமுகம்:

முதலில் ஒன்று. இலங்கையில் அரச மருத்துவ பீடத்துக்கு எடுப்பது இசட் புள்ளியை, அதாவது ஏ.எல் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் தரப்புள்ளியை, வைத்து. அகில இலங்கைத் திறமை 40 வீதம், மாவட்டக் கோட்டா 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று பிரிப்பார்கள். நேர்முகமும் இல்லை, ஷாடோயிங் கேட்பதும் இல்லை. ஆகவே எங்கள் ஆஸ்பத்திரிகளில் இதற்கென்று ஒரு படிவமோ கவுண்டரோ வைத்திருக்க மாட்டார்கள். "ஷாடோயிங்" என்று மொட்டையாக எழுதிக் கொடுத்தால் ஒருவர் அதை இன்டர்ன்ஷிப் என்று எடுப்பார். இன்னொருவர் ஆராய்ச்சிக்குத் தரவு சேர்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே என்பார். "பார்வையாளராக இருந்து பார்க்க அனுமதி, நோயாளியைத் தொடமாட்டேன், பதிவேடு எடுக்கமாட்டேன்" என்று முதல் இரண்டு வரியிலேயே வந்துவிட வேண்டும். பாதி மறுப்புகள் இந்தக் குழப்பத்தால் வருபவை.

அரச வைத்தியசாலையில் இரண்டு பேரின் சம்மதம் தேவை. ஒருவர் நீங்கள் பின்னால் நிற்கப்போகும் நிபுணர். மற்றவர் நிறுவனத் தலைவர். மாவட்டப் பொது வைத்தியசாலை என்றால் பணிப்பாளர். கிண்ணியா, மூதூர், கந்தளாய் போன்ற ஆதார வைத்தியசாலை என்றால் மருத்துவ அத்தியட்சகர். சிறிய பிரதேச வைத்தியசாலை என்றால் பொறுப்பு வைத்திய அதிகாரி. நிபுணர் வாயால் "வாங்கோ" என்று சொன்னால் மட்டும் போதாது. மூன்றாம் நாள் வாட் சிஸ்டர் "நீங்கள் யார்?" என்று கேட்டால் காட்ட ஒரு கடிதம் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சங்கடப்படுவது உங்களை உள்ளே விட்ட அந்த டொக்டர்தான்.

வரிசை முக்கியம். நேரே பணிப்பாளரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்த யூனிட்? யார் பொறுப்பு எடுக்கிறார்?" பதில் இல்லையென்றால் பைல் மேசையிலேயே கிடக்கும். ஆகவே நிபுணரை முதலில் பிடியுங்கள். அவரைப் பிடிக்கும் இடம் வாட் அல்ல, கிளினிக். ஒவ்வொரு யூனிட்டுக்கும் வாரத்தில் குறித்த கிளினிக் நாட்கள் உண்டு. கிளினிக் நேர்ஸிடம் "சேர் எத்தனை மணிக்கு முடிப்பார், கடைசி நோயாளிக்குப் பிறகு ரெண்டு நிமிடம் சந்திக்கலாமா" என்று கேட்டுவிட்டு வெளியே இருங்கள். ரெண்டு நிமிடம் என்றால் ரெண்டு நிமிடம்தான். கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும்.

எப்போது போகக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யூனிட்டின் கஷுவல்டி நாளிலும், அதாவது புதிதாக வரும் அவசர நோயாளிகளை அந்த யூனிட் எடுக்கும் நாளிலும், அதற்கடுத்த காலையிலும் போகாதீர்கள். இரவு முழுக்க எடுத்த நோயாளிகளை அன்று காலை ரவுண்டில் பார்த்து முடிக்க வேண்டும், எல்லாரும் நித்திரை இல்லாமல் நிற்பார்கள். வெள்ளி பின்னேரமும் வேண்டாம். வெளிமாவட்டத்து நிபுணர்கள் வீட்டுக்குப் புறப்படும் நேரம். செவ்வாய், புதன் நல்லது. போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில் கிளினிக் இல்லை. வருஷ முடிவில் இடமாற்றம் நடக்கும். டிசம்பரில் ஒரு டொக்டரிடம் சம்மதம் வாங்கிவிட்டு பெப்ரவரியில் போனால் அந்தக் கதிரையில் வேறொருவர் இருக்கலாம். வடகீழ்ப் பருவ மழையோடு டெங்கு ஏறுகிற மாதங்களில் மருத்துவ வாட்டுகளில் கட்டிலுக்குக் கீழேயும் நோயாளி இருப்பார். அந்த நேரம் ஒரு ஆள் கூட நிற்பதற்கே இடம் இல்லை, மறுத்தால் கோபிக்க வேண்டாம்.

நிபுணர் சம்மதித்த பிறகு, பணிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரிடம் "சிபாரிசு செய்கிறேன்" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமும் இறப்பர் முத்திரையும் வாங்குங்கள். அதோடு அடையாள அட்டைப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்றிதழ், பாடசாலை நற்சான்றிதழ், கல்லூரி அனுமதிக் கடிதப் பிரதி, 18 வயது நிரம்பாவிட்டால் பெற்றோரின் சம்மதக் கடிதம். இரண்டு செட் கொண்டுபோங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை குத்திக்கொண்டு வாருங்கள். அந்த முத்திரை இல்லாமல் இரண்டு கிழமை கழித்துப் போய் "கடிதம் தந்தேன்" என்றால் தேட யாருக்கும் நேரம் இல்லை.

வட்ஸ்அப் பிழையா என்றால், முதல் தொடர்புக்குப் பிழைதான். தனிப்பட்ட நம்பரை எங்கே எடுத்தீர்கள் என்ற கேள்வியோடு உரையாடல் தொடங்கும். அவராக நம்பர் தந்தபிறகு நேரம் உறுதிப்படுத்த மட்டும் பாவியுங்கள்.


கிண்ணியா_பாலம்:

உட்துறைமுகம் சொன்னது எல்லாம் சரி. ஆனா ஒரு புதுப் பிள்ளைக்கு முதல் இடமா பெரியாஸ்பத்திரியை நான் சொல்ல மாட்டன். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற குடும்ப டொக்டரிட்ட முதல்ல கேளுங்க தங்கச்சி. சின்ன வயசில இருந்து காய்ச்சலுக்கு மருந்து எடுத்த டிஸ்பென்சரி இருக்குமே, அங்கதான். தெரிஞ்ச டொக்டர் இல்லை எண்டு சொல்றீங்க. உங்களுக்கு மருந்து தந்தவர் தெரிஞ்ச டொக்டர்தான்.

அனுமதி தர அவர் ஒருத்தர் போதும், மேலிடம் ஒண்டும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு திறந்தா இரவு எட்டு, எட்டரை வரைக்கும் ஆக்கள் வந்துகொண்டே இருப்பாங்க. சீனி, பிரஷர், பிள்ளைக்குச் சளி, மூட்டு நோவு, வயித்துக் குத்து, சொல்லத் தெரியாத கவலை. வாட்டில ஒரு நாள் முழுக்க நிண்டாலும் இவ்வளவு வகை பார்க்கக் கிடைக்காது. டொக்டர் எப்பிடிக் கேள்வி கேக்கிறார், எதை எழுதாம விடுறார், "ஆஸ்பத்திரிக்குப் போங்க" எண்டு எந்த இடத்தில முடிவெடுக்கிறார், இதைக் கவனிக்கிறதுதான் விஷயம்.

கஷ்டம் என்னெண்டா அறை சின்னது. டொக்டர், நோயாளி, கூட வந்த ஆள், மூணு கதிரை போட்டா கதவு திறக்காது. அதால கேக்கும்போதே "மூலையில நிண்டுகொள்ளுவன், கிழமைக்கு ரெண்டு நாள், ரெண்டு மணித்தியாலம்" எண்டு சொல்லுங்க. சனலிங் சென்டர், அதான் ஸ்பெஷலிஸ்ட்மார் பிரைவேட்டா நோயாளி பார்க்கிற இடம், அந்தப் பக்கம் நான் போகச் சொல்ல மாட்டன். அங்க நோயாளி காசு கட்டிட்டு நம்பரோட இருக்கிறார், ஸ்பெஷலிஸ்ட் அடுத்த இடத்துக்கு ஓட நிக்கிறார், சென்டர்காரரிட்டயும் தனியாக் கேக்க வேணும். மூணு பேருக்கும் பிடிக்காது.

இன்னொரு இடத்தை ஆரும் நினைக்கிறது இல்லை: சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை, எம்.ஓ.எச் ஒபிஸ். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுற கிளினிக், பாடசாலை மருத்துவப் பரிசோதனை எல்லாம் அவங்கட வேலை. குடும்பநல மாது வீடு வீடாப் போறதையும் எம்.ஓ.எச் சம்மதிச்சா கூடப் போய்ப் பாக்கலாம். ஆரோக்கியமா இருக்கிற ஆக்கள் கூடுதலா வாற இடம் எண்டதால உங்களை உள்ளுக்கு விடுறது அவருக்கும் லேசு. அமெரிக்காவில இருக்கிற ஆக்களுக்கு இப்பிடி ஒரு முறை இருக்கிறதே புதினமா இருக்கும், எழுத விஷயம் கிடைக்கும். இதுக்குக் கடிதம் எம்.ஓ.எச்சுக்குக் குடுங்க, அவர் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளரிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுத்தான் சொல்லுவார், அதுக்கு ஒரு கிழமை கூட வையுங்க.


பனிக்காட்டு_மைனா:

விண்ணப்பப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல்தான் நிறையப் பேர் இங்கே 200 மணித்தியாலம் சேர்த்துவிட்டு வருகிறார்கள்.

அமெரிக்காவில் எம்.டி பட்டம் தரும் மருத்துவப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பம் ஆம்காஸ் என்ற பொது ஒன்லைன் விண்ணப்பம் வழியாகப் போகும். அதில் அனுபவங்கள் என்ற பகுதியில் அதிகபட்சம் 15 பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் விவரிக்க 700 எழுத்து, அதாவது இடைவெளியும் சேர்த்து. மூன்றை மட்டும் மிக முக்கியமானவை என்று குறித்தால் அவற்றுக்கு மேலதிகமாக 1325 எழுத்து கிடைக்கும். ஷாடோயிங்குக்குத் தனி வகை இருக்கிறது. பல டொக்டர்களோடு நின்றதை ஒரே பதிவில் சேர்த்து எழுதலாம், தனித்தனியாக இடத்தை வீணாக்க வேண்டாம். தொடங்கிய மாதம், முடிந்த மாதம், மொத்த மணித்தியாலம், தொடர்புகொள்ளக்கூடிய ஒருவரின் பெயர், ஈமெயில் அல்லது போன் இவ்வளவும் கேட்பார்கள்.

மணித்தியாலத்துக்கு வருவோம். பெரும்பாலான பள்ளிகள் குறைந்தபட்சம் இவ்வளவு என்று எழுதி வைப்பதில்லை. நீங்கள் பட்டப்படிப்பு முடித்து விண்ணப்பிக்கும்போது இப்போது செய்வது மூன்று, நான்கு வருஷப் பழசு. கல்லூரிக்கு முன்பு செய்தவற்றுக்கு எடை குறைவு, தொடர்ந்து செய்திருந்தால் மட்டும் அது ஒரு தொடக்கமாக நிற்கும். அதோடு அமெரிக்க வைத்திய முறையை நேரில் பார்த்தீர்களா என்றும் பார்ப்பார்கள். ஆகவே திருகோணமலையில் 25, 30 மணித்தியாலம் தாராளம். இந்த மாதங்களில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த வேலையின் அலுப்பான பக்கத்தையும் பார்த்த பிறகு இன்னும் ஆசை இருக்கிறதா? அதற்கு 30 மணித்தியாலம் போதும்.

இனி அதைவிட முக்கியமானது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம், வெளிநாட்டில் அனுபவம் எடுக்கும் மாணவர்களுக்கென்றே வழிகாட்டல் வெளியிட்டிருக்கிறது. சாரம் இதுதான்: பயிற்சியும் அனுமதியும் இல்லாமல் நோயாளி மேல் எதையும் செய்யாதே. தையல் போட்டேன், ஊசி ஏற்றினேன், பிரசவத்தில் கைகொடுத்தேன் என்று எழுதுவது பெருமை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தெரிவுக்குழு அதை நெறிமுறைப் பிழையாக வாசிக்கும். ஈ.டி.யுவில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) கூட்டமான நேரத்தில் ஒரு இளம் டொக்டர் அன்பாகவே "வாங்கோ, கனுலா போட்டுப் பாருங்கோ" என்று, நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றச் சொல்லக்கூடும். "வேண்டாம் சேர், பார்க்க மட்டும்தான் அனுமதி வாங்கினனான்" என்ற வசனத்தை முன்கூட்டியே வாயில் வைத்திருங்கள். இங்கேயும் மருத்துவ சபையில் பதிவில்லாத ஒருவர் நோயாளிக்குச் சிகிச்சை செய்வது சட்டத்துக்குப் புறம்பு. உங்களோடு அந்த டொக்டரும் மாட்டுப்படுவார்.

டி.ஓ (ஒஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) பள்ளிகளுக்கு விண்ணப்பம் வேறு, அங்கே பல இடங்களில் டி.ஓ டொக்டர் ஒருவரின் கடிதத்தை விரும்புவார்கள். அது அங்கே போய்த்தான் எடுக்க முடியும். அதோடு, கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: எஃப்-1 விசாவில் படிக்கும் வெளிநாட்டு மாணவரை எடுக்கும் எம்.டி பள்ளிகள் சிறுபான்மை. எடுக்கும் சிலது பல வருஷக் கட்டணத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் காட்டச் சொல்லும். எந்தப் பள்ளி எடுக்கும் என்பதை எம்.எஸ்.ஏ.ஆர் என்ற பட்டியலில் பள்ளிவாரியாகப் பார்க்கலாம். ஷாடோயிங் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள், தங்கச்சி. கதவே இல்லாத சுவரில் தட்டிக்கொண்டு நிற்கக்கூடாது.


மடத்தடி_மிஸ்:

எல்லாரும் உள்ளுக்குப் போற வழியைச் சொல்லிட்டீங்கள். உள்ளுக்குப் போன பிறகு நடக்கிறதை நான் சொல்றன்.

உடுப்பு: முழங்காலுக்குக் கீழ வாற பாவாடை அல்லது சுடிதார், துப்பட்டா பின் குத்தி. தொங்குற துப்பட்டா ட்ரொலியில மாட்டும், புண்ணிலயும் படும். நகம் வெட்டி, மோதிரம், காப்பு, மணிக்கூடு கழட்டி. காலை மூடின சப்பாத்து, ஹீல் வேண்டாம். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வராதேங்கோ. நோயாளி உங்களை டொக்டர் எண்டு நினைச்சு ரிப்போட்டை நீட்டுவார், நீங்கள் முழிப்பீங்கள். பெயரும் "பார்வையாளர்" எண்டும் எழுதின அட்டை ஒன்று நெஞ்சில குத்துங்கோ, தமிழிலயும் சிங்களத்திலயும்.

தடுப்பூசி: சின்ன வயசுத் தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடி எடுங்கோ. ஹெப்படைட்டிஸ் பி மூன்று டோஸ் இருக்கா பாருங்கோ. இல்லாட்டி 0, 1, 6 மாதம் எண்டு போட வேணும், அதால இப்பவே தொடங்குங்கோ. எம்.எம்.ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாத் தடுப்பூசி) இரண்டு டோஸ் அமெரிக்கக் கல்லூரியும் கேக்கும், ஒரே தேடலில ரெண்டு வேலை முடியும். காய்ச்சல், இருமல் இருக்கிற நாள் வராதேங்கோ. வாட்டில இருக்கிறவை உங்களைவிடப் பலவீனமான ஆக்கள்.

சாப்பிட்டிட்டு வாங்கோ. வெறும் வயித்தோட, புழுக்கத்தில, அசையாமல் ரெண்டு மணித்தியாலம் நிண்டால் ரத்தத்தைப் பார்க்காமலே மயக்கம் வரும். கால்ல ரத்தம் தேங்கி மூளைக்கு ஏறுறது குறையும், அவ்வளவுதான். குதிக்காலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கோ. வேர்த்து, காது அடைச்சு, பார்வை சுருங்கினால் வெக்கப்படாமல் பின்னுக்கு வந்து நிலத்தில இருங்கோ. ஒப்பரேஷன் தியேட்டரில எண்டால் மேசையில இருந்து தள்ளி, சுவரோரமா. வெக்கத்தில நிண்டு தாக்குப் பிடிக்கிற ஆள்தான் கருவி வைச்ச மேசை மேல விழுறது. தியேட்டருக்குள்ள பச்சை, நீலத் துணி போட்ட எதையும் தொடக்கூடாது, ரெண்டடி தள்ளி நில்லுங்கோ. தவறிப் பட்டுட்டால் உடன சொல்லுங்கோ. ஏச்சு விழும், ஆனா மாத்திப் போடுவினம். சொல்லாமல் விட்டால் நோயாளிக்குக் கிருமி.

கீழ விழுந்த ஊசியை எடுக்காதேங்கோ, உதவி எண்டு நினைச்சும் எடுக்காதேங்கோ. தப்பித் தவறிக் குத்திட்டால் பிதுக்காமல் ஓடுற தண்ணியில சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்த நிமிசமே சிஸ்டரிட்டச் சொல்லுங்கோ. எச்.ஐ.வி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணித்தியாலத்துக்குள்ள தொடங்க வேணும், எவ்வளவு கெதியோ அவ்வளவு நல்லது.

இனி, பெரிய விஷயம். திருகோணமலை சின்ன ஊர். கிளினிக் கதவைத் திறந்துகொண்டு வாற ஆள் உங்கட டியூஷன் சேரா இருக்கலாம், அடுத்த வீட்டு அக்காவா இருக்கலாம். அந்த ஆள் உங்களைக் காணுறதுக்கு முதலே டொக்டரிட்ட "தெரிஞ்ச ஆள், வெளியில நிக்கிறன்" எண்டு மெதுவாச் சொல்லிட்டு வாங்கோ. டொக்டர் "பரவாயில்லை, நில்லுங்கோ" எண்டாலும் வாங்கோ. மனநலக் கிளினிக், பாலியல் நோய்க் கிளினிக், குடும்பத் திட்டமிடல், இந்த இடங்களுக்கு அனுமதியே கேக்க வேண்டாம். வீட்டுக்குப் போனால் அம்மா "ஆரெல்லாம் வந்தவை?" எண்டு கேப்பா. கெட்ட எண்ணத்தில இல்லை, ஊர் வழக்கம். "சொல்லக்கூடாது" எண்டு முதல் நாளே சொல்லிவிட்டால் ரெண்டாம் நாள் கேக்கமாட்டா.

ஒவ்வொரு நோயாளிக்கும் நீங்கள் ஆர் எண்டு டொக்டர் சொல்லவேணும். அவசரத்தில அவர் மறந்தால் நீங்களே சொல்லுங்கோ: "அம்மா, நான் படிக்கிற பிள்ளை. டொக்டர் பார்க்கிறதைப் பார்க்க வந்தனான். உங்களுக்கு விருப்பமில்லாட்டி வெளியில நிக்கிறன்." சொல்லிட்டு அந்த அம்மான்ர முகத்தைப் பாருங்கோ. வாய் "பரவாயில்லை மகள்" எண்டும், கை சீலைத் தலைப்பை இழுத்து மூடும். அப்ப கைக்குத்தான் மதிப்புக் குடுக்க வேணும். பொடியன்மார் ஆரும் இதை வாசிச்சால், பெண் நோயியல் பரிசோதனை நேரம் சொல்லாமலே வெளியில போங்கோ.

போன் பேக்குக்குள்ள, சைலன்ட்டில. வாட்டில ஒரு செல்பியும் வேண்டாம், கட்டில் தெரியாட்டிலும் வேண்டாம். பெட் ஹெட் டிக்கெட்டை, அதான் கட்டில் தலைமாட்டுப் பைலை, டொக்டர் காட்டினால் பாருங்கோ, நீங்களா எடுத்துப் புரட்டாதேங்கோ.


நிலாவெளி_பயோ:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கேல்லை. மூன்று கேள்வி. கடிதத்துக்கு ஒரு மாதிரி தர ஏலுமா? நிபுணர் சிங்களவர் எண்டால் எந்த மொழியில எழுதுறது? அவருக்குத் தமிழ் நோயாளி சொல்றதை மொழிபெயர்த்துக் குடுக்கிறன் எண்டு கேட்டால் விடுவாரோ?


உட்துறைமுகம்:

மொழி: நிபுணர் எவராக இருந்தாலும் அவருக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள், வேலை மொழி அதுதான். பணிப்பாளருக்கு உரிய கடிதம் தமிழில் இருக்கலாம். மாதிரி இதோ, அப்படியே பார்த்தெழுதாமல் உங்கள் விவரத்துக்கு மாற்றுங்கள்.

"பணிப்பாளர், மாவட்டப் பொது வைத்தியசாலை, திருகோணமலை. பொது மருத்துவப் பிரிவு நிபுணர் ஊடாக.

ஐயா / அம்மணி, வெளிநோயாளர் கிளினிக்கைப் பார்வையாளராக அவதானிக்க அனுமதி கோரல்.

நான் உயர்தர உயிரியல் பிரிவில் பரீட்சைக்குத் தோற்றியுள்ளேன். வரும் ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் பட்டப்படிப்பைத் தொடங்கவுள்ளேன். பின்னர் மருத்துவம் கற்க எண்ணியுள்ளேன். மருத்துவரின் அன்றாடப் பணியை அறியும் நோக்கில், செவ்வாய்க்கிழமைகளில் காலை 8.30 முதல் 11.30 வரை, நான்கு வாரங்களுக்கு, மொத்தம் 12 மணித்தியாலங்கள், மேற்படி கிளினிக்கில் பார்வையாளராக இருக்க அனுமதி வேண்டுகிறேன்.

நான் நோயாளிகளைத் தொடமாட்டேன், பதிவேடுகளைப் பிரதி எடுக்கமாட்டேன், படம் எடுக்கமாட்டேன், நோயாளியோ ஊழியரோ விரும்பாதவிடத்து உடன் வெளியேறுவேன். இது ஆராய்ச்சிக்கானதன்று. அறிந்தவை எதையும் வெளியிடேன் என்ற கையொப்பமிட்ட உறுதிமொழியை இணைத்துள்ளேன்."

கீழே பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், போன், இணைப்புகளின் பட்டியல். முடிந்தது. "சிறு வயதிலிருந்தே மக்களுக்குச் சேவை செய்ய" என்ற பந்தி வேண்டாம். அவர்கள் தேடுவது எந்த நாள், எத்தனை மணி, யார் பொறுப்பு, ஏதும் பிரச்சினை வருமா என்ற நாலைத்தான். இன்னொன்றைக் கவனியுங்கள்: நான்கு வாரம், 12 மணித்தியாலம் என்று சிறிதாகக் கேட்டிருக்கிறேன். "மூன்று மாதம் தினமும்" என்று கேட்டால் சம்மதிப்பவருக்கு அது ஒரு சுமை. 12 மணித்தியாலம் ஒழுங்காக நின்ற பிள்ளைக்கு இன்னொரு மாதம் நீடிப்பது லேசு. பதில் வராவிட்டால் பத்து நாளில் ஒருமுறை நேரில் போய்க் கேளுங்கள். அதன்பிறகும் இல்லையென்றால் அதுவே பதில். அடுத்த இடத்தைப் பாருங்கள்.

மொழிபெயர்ப்பை வாக்குறுதியாகக் கொடுக்காதீர்கள். "எத்தனை நாளா நோகுது" போன்றதற்கு டொக்டர் கேட்டால் உதவலாம். ஆனால் சத்திர சிகிச்சைச் சம்மதம், புற்றுநோய் முடிவு, மருந்தளவு இவற்றுக்கு நீங்கள் வாய் திறக்கக்கூடாது. "ஒரு குளிசை ரெண்டு நேரம்" என்பது "ரெண்டு குளிசை ஒரு நேரம்" என்று மாறினால் விளைவு வேறு. "இதுக்கு நேர்ஸ் மிஸ்ஸைக் கூப்பிடுவம் சேர்" என்று சொல்லுங்கள்.


பனிக்காட்டு_மைனா:

ஒரு சின்னக் கொப்பி வையுங்கள். திகதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம், டொக்டரின் பதவி, அன்று கவனித்த ஒரு விஷயம். "சாம்பல்தீவு, 54 வயது, மீன் வியாபாரி, கால் எடுத்தது" என்று எழுதினால் பெயர் இல்லாவிட்டாலும் ஊரில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். "சீனி வருத்தத்தால் காலை இழந்தவர்; டொக்டர் காலைப் பற்றிப் பேசமுன் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்டார்" என்பது போதும். நாலு வருஷம் கழித்து 700 எழுத்தில் எழுத உதவப்போவதும் இந்த இரண்டாவது வரிதான்.

கடைசி நாள் டொக்டரிடம் ஒரு சிறு கடிதம் கேளுங்கள்: லெட்டர்ஹெட்டில், அவரது மருத்துவ சபைப் பதிவிலக்கத்தோடு, எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எத்தனை மணித்தியாலம், பார்வையாளராக மட்டும் என்று. நீங்களே வரைவை அடித்துக் கொண்டுபோனால் அவர் கையொப்பம் வைப்பது சுலபம். ஆம்காஸ் அந்தக் கடிதத்தைக் கேட்பதில்லை. ஆனால் பள்ளி விசாரிக்க நினைத்தால் அதற்குள் அவர் பதுளையிலோ குருநாகலிலோ இருப்பார். ஆகவே வைத்தியசாலை நம்பரை விட, மாறாத ஈமெயில் ஒன்றை அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கலுக்கோ புதுவருஷத்துக்கோ, இரண்டு வரி அனுப்பினால் ஐந்தாவது வருஷம் உங்களை யாரென்று அவருக்கு ஞாபகம் இருக்கும்.


கிண்ணியா_பாலம்:

லண்டன் பக்கம் யோசிக்கிற ஆக்களும் இதை வாசிப்பாங்க, அவங்களுக்கு ரெண்டு வரி. அங்க ஏ.எல் முடிய நேரே மருத்துவம், விண்ணப்பம் அக்டோபர் 15க்குள்ள. அங்க டொக்டருக்குப் பின்னால நிண்டதை விட, முதியோர் இல்லம், விசேட தேவையுள்ள பிள்ளைகள் இருக்கிற இடம், இப்பிடி ஆக்களைப் பராமரிச்ச அனுபவத்துக்கு மதிப்புக் கூட. ஆஸ்பத்திரியில இடம் கிடைக்காட்டி பிரைட்டன் அண்ட் சசெக்ஸ் மருத்துவப் பள்ளி ஒன்லைனில இலவசமா ஒரு அனுபவப் பாடம் வைச்சிருக்கு, வீட்டில இருந்தே செய்யலாம்.

தங்கச்சி, உங்களுக்கும்தான். கடிதத்துக்குப் பதில் வாற வரைக்கும் சும்மா இருக்காம செஞ்சிலுவைச் சங்கத்தின்ர மாவட்டக் கிளையில முதலுதவி வகுப்பு எப்ப எண்டு கேளுங்க. அதோட முதியோர் இல்லம் ஒண்டில கிழமைக்கு ஒரு பின்னேரம் பேப்பர் வாசிச்சுக் காட்டப் போங்க. அங்க ரெண்டு மூணு கிழமை ஒழுங்காப் போனா, அங்க மருந்து எழுத வாற டொக்டரை நீங்க தேடிப் போகத் தேவையில்லை. அவரே "ஆர் இந்தப் பிள்ளை?" எண்டு கேப்பார்.